ஆள் இருப்பதுபோல

காகொர்டாக், கிரீன்லாந்து
28 டிசம்பர் 1985

அன்புள்ள யூட்டே அத்தை,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அம்மாவை அடக்கம் செய்த அன்று உங்கள் வீட்டில் ஊற்றிய காப்பியைத் தொடாமல் எழுந்து போனவள், இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன்.

அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் அப்பாவைப் பார்த்து நான் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "ஞாயித்துக்கிழமை டாக்டரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு உட்கார்ந்திருந்தீங்க. திங்கக்கிழமை அம்மா இல்ல. நீங்கதான் கொன்னீங்க" என்றேன். நடந்தது அதுதான். ஆனாலும் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. இங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறேன். எத்தனையோ வீட்டுக்காரர்கள் இதே காரணத்தைச் சொல்லி, இதே மாதிரி தாமதமாக வந்து நிற்கிறார்கள். அவர்கள் யாரையும் நான் கொலைகாரன் என்று சொன்னதில்லை.

நவம்பரில் அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். ஒரே பக்கம். மன்னிப்புக் கேட்டேன். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரட்டுமா என்றும் கேட்டேன். வா, இல்லையென்றால் வராதே, ஒரு வார்த்தை போதும் என்று எழுதினேன். பதில் வரவில்லை. போன் பண்ணலாமே என்பீர்கள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார் என்றால் அதற்கப்புறம் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தபாலைக் குறை சொல்லிக்கொண்டாவது இருக்கலாம்.

உங்களை வேவு பார்க்கச் சொல்லவில்லை. எதிர்வீட்டில் இருக்கிறீர்கள். அவர் நன்றாக இருக்கிறாரா, என் கடிதம் கிடைத்ததா, இவ்வளவு தெரிந்தால் போதும். ஈஸ்டர்வரை பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் இங்கேயே ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிடுவேன். அங்கே எனக்கு வீடு இல்லை என்று முடிவு கட்டிவிடுவேன்.

விபேக்கே


லெர்க்கவை 11, ஆர்ஹூஸ்
14 ஜனவரி 1986

அடி என் விபேக்கே,

இரண்டு வருஷமாக உன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் ஒரே கடிதத்தில் போய்விட்டது. காப்பி ஆறிப்போனது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு நான் சுட்டு வைத்திருந்த பாதாம் வளையத்தை ஒருத்தரும் தொடவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை!

முதலில் நல்ல செய்தி. உன் கடிதம் அப்பாவுக்குக் கிடைத்தது. நவம்பர் கடைசியில் வேலி ஓரம் நின்று அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். "எவால்ட், பதில் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "யோசிக்கிறேன். அவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கா. எனக்கு ஒரு வார்த்தை பத்தாது" என்றார். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் சுங்க அதிகாரியாக இருந்தவரிடமிருந்து எதையாவது பிடுங்க முடியுமா?

இரண்டாவது செய்தியைக் கேட்டால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வாய். அப்பா ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார்! மலாகாவில் இரண்டு மாதம். பயண நிறுவனத்தில் பதிவு செய்து, புதுப் பெட்டி வாங்கி, ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டார். காலை ஒன்பது மணிக்கு அவர் வாசலில் டாக்ஸி வந்து நின்றதை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி பொங்கிவிட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் டாக்ஸியைக் காணோம். கை அசைக்கக்கூட வாய்க்கவில்லை. அங்கே போயும் வெள்ளைக்காலுறையும் தொப்பியுமாக நிழலில்தான் உட்கார்ந்திருப்பார் என்று பிரேபனிடம் சொல்லிச் சிரித்தேன். பிரேபனை உனக்குத் தெரியாது. ஒன்பதாம் எண்ணுக்குப் புதிதாக வந்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் தெருக்குழுவுக்கு அவர்தான் தலைவர்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இலையுதிர் காலத்தில் இந்தப் பக்கம் மூன்று வீட்டில் திருட்டு. அதிலிருந்து யார் ஊருக்குப் போனாலும் வீட்டில் ஆள் இருப்பதுபோலத் தெரியும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. உன் அப்பா படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுத்தான் போனார். பிரேபன் தன் காரை உங்கள் வீட்டுப் பாதையில் நிறுத்துகிறார், நடைபாதைப் பனியையும் அள்ளுகிறார். நான் வியாழக்கிழமைதோறும் என் குப்பையில் பாதியை உங்கள் தொட்டியில் போடுகிறேன். பனி விழுந்ததும் என் கணவருடைய பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் போய்த் திரும்புகிறேன். பெரிய பாதச்சுவடு, ஆம்பிளை நடந்த மாதிரியே இருக்கும். ஒரு நாளும் தவறவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொள்கிறோம்.

தபாலையும் நான்தான் எடுத்து வைக்கிறேன். பெட்டி நிரம்பி வழிந்தால் ஆள் இல்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும். உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து ஆறாம் தேதிதான் வந்தது, கூடையில் இருக்கிறது. பனைமரப் படம் போட்டுப் பயண நிறுவனத்திலிருந்து ஒரு உறை, மின்சார அலுவலகத்திலிருந்து ஒன்று, இரண்டு விளம்பரம். ஒன்றையும் பிரிக்கவில்லை. அது எங்கள் வழக்கமில்லை என்று உனக்கே தெரியும். சாவியும் எங்களிடம் இல்லை. அப்பா தந்தால்தானே! உள்ளே யாரும் போவதில்லை, வெளியே மட்டும்தான் எங்கள் வேலை.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நேரம் வைத்தால் தானாக எரிந்து தானாக அணையும் விளக்கு இருக்கிறதே, அதில் ஒன்றை சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரேபன் வைத்திருப்பது ஐந்து மணிக்கு எரியும், பத்துக்கு அணையும். எந்தத் திருடனும் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவான். அப்பாவுடையது அப்படியில்லை. திடீரென்று எரிகிறது, பட்டென்று அணைகிறது, மறுபடி எரிகிறது, அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. தரையில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது, வெளிச்சம் கீழேயிருந்து கூரையில் அடிக்கிறது. யாரோ குனிந்து வேலை செய்கிற மாதிரியே இருக்கும். நாலு நாள் நன்றாக வேலை செய்தது. அதற்குப் பிறகு எரியவில்லை, பல்பு போய்விட்டது போல. வந்ததும் சொல்ல வேண்டும்.

மார்ச் முதல் வாரம் வந்துவிடுவார். வந்ததும் பிடித்து உட்கார வைத்து உனக்கு எழுதச் சொல்கிறேன். அதுவரை பொறுமையாக இரு.

உன் யூட்டே அத்தை


காகொர்டாக்
25 ஜனவரி 1986, சனிக்கிழமை

யூட்டே அத்தை,

ஆறு நாள் புயலுக்குப் பிறகு இன்றுதான் ஹெலிகாப்டர் வந்தது. உங்கள் கடிதத்தைத் தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். சிரித்துக்கொண்டே படித்தேன். விளக்கு பற்றி எழுதியிருக்கிற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா இரண்டு நாள் வெளியூர் போனாலும் நுழைகிற இடத்தில் இருக்கும் மின்பெட்டியைத் திறந்து ஃபியூஸ் அத்தனையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். துறைமுகத்தில் ஒரு கிடங்கு மின்கசிவில் எரிந்து இரண்டு பேர் செத்ததைப் பார்த்தவர். விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இருட்டில் அம்மா தடுமாறி அவரைத் திட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நான் இல்லாத வீட்டுல மின்சாரத்துக்கு என்ன வேலை?" என்பார். தானாக எரிகிற விளக்கை அவர் கையால் தொடக்கூட மாட்டார்.

அவர் போயிருந்தால் அந்த வீட்டில் விளக்கு எரிந்திருக்காது. விளக்கு எரிந்தது என்றால் அவர் போகவில்லை.

டாக்ஸியில் அவர் ஏறியதைப் பார்த்தீர்களா? வந்து நின்றதைப் பார்த்தேன், போய்விட்டிருந்தது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்று போயிருந்தால்?

பனைமரம் போட்ட உறையைப் பிரியுங்கள். நான் அவர் மகள், நான் அனுமதி தருகிறேன். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போங்கள். கண்ணாடியை உடையுங்கள்.

மூன்று நாளாகத் தொலைபேசி இணைப்பு இல்லை. மலைமேல் இருக்கிற கம்பத்தில் பனிக்கட்டி ஏறிக் கம்பிகள் அறுந்துவிட்டன. தந்தி ஆபீஸ் ஆள் திங்கட்கிழமைதான் அனுப்ப முடியும் என்கிறான். நான் மேசையைத் தட்டினேன், கத்தினேன். "சிஸ்டர், நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கம்பி சரிபண்ண ஆள் வராது, என்னால என்ன பண்ண முடியும்?" என்கிறான். அவனை முறைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அடக்கத்தில் நான் கத்தியது காதில் கேட்டது. நானும் இப்போது திங்கட்கிழமைக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

தந்தி முதலில் வந்துவிடும். இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும். வெயிலில் உடம்பு சிவந்து, சாப்பாடு சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு அவர் மலாகாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் இந்தக் கடிதத்தைத் தெரு முழுவதும் படித்துக் காட்டிச் சிரியுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

விபேக்கே


லெர்க்கவை 11
3 பிப்ரவரி 1986

அன்புள்ள விபேக்கே,

போலீசார் உனக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள் என்று அறிந்தேன். நான் எழுத வேண்டியது கடமை என்பதால் எழுதுகிறேன்.

உன் தந்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பயண நிறுவனத்தின் கடிதத்தைப் பிரேபன் முன்னிலையில் பிரித்தோம். ஐந்தாம் தேதி விமானத்துக்கு நீங்கள் வரவில்லை, தொலைபேசியிலும் கிடைக்கவில்லை, தயவுசெய்து தொடர்புகொள்ளவும் என்று இருந்தது. எட்டாம் தேதியிட்ட கடிதம். போலீஸ்காரர் ஒருவர் வந்து சமையலறைக் கதவின் கண்ணாடியை உடைத்தார். அப்பா உள்ளே தரையில் இருந்தார். மேலங்கியும் காலணியும் போட்டிருந்தார், பெட்டி வாசல் பக்கம் தயாராக இருந்தது. கிளம்பும் முன் கடைசியாக ஜன்னல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்கிறார்கள்.

அவர் கஷ்டப்படவில்லை. அன்றைக்கே இதயம் நின்றிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நீ மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

விளக்கைப் பற்றி முன்பு நான் எழுதியதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு இப்போது அது உறுதியாகத் தெரியவில்லை. பிரேபன் காரைத் திருப்பும்போது அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்திருக்கலாம். பனிக்காலத்தில் கண் ஏமாற்றும். தெருவில் வேறு யாரும் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

சடங்கை நீ வரும்வரை தள்ளி வைத்திருக்கிறோம். தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மலர்வளையம் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வருத்தத்துடன்
யூட்டே தோர்ஸேகர்


காகொர்டாக்
4 மார்ச் 1986

திருமதி தோர்ஸேகர் அவர்களுக்கு,

இறுதிச் சடங்கு முடிந்து உங்களிடம் விடைபெறாமல் வந்துவிட்டேன். காப்பிக்கும் நான் இருக்கவில்லை. இந்த முறை அதற்கு வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

தேவாலய வாசலில் லெர்க்கவைத் தெருக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்றீர்கள். ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தீர்கள். பிரேபன் "தூக்கத்துல போன மாதிரிம்மா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். அவர் மனைவியும் அதையே சொன்னார். பதினேழாம் எண்ணில் இருக்கும் கிழவரும் அதே வார்த்தைகளைச் சொன்னார், இடம்கூட மாறவில்லை. நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் கழுத்துத்துணியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தீர்கள். 

மறுநாள் தனியாக வீட்டுக்குள் போனேன். நான் நர்ஸ், திருமதி தோர்ஸேகர். தரையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஜன்னலடியிலிருந்து சுவர் வரைக்கும் அவர் தன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அலமாரி மேல் இருந்த விளக்கை வயரைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார், பல்பு உடையாமல் விழுந்திருக்கிறது. வயரிலேயே சுவிட்ச் இருக்கிறது, அது அவர் கைக்குப் பக்கத்தில் கிடந்தது என்று போலீஸ் அறிக்கையில் இருக்கிறது. பூந்தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் தண்ணீர் இல்லை, அவற்றை வாயருகே கொண்டுபோயிருக்கிறார். மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்கள் தெருவில் யாரும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லையா?

என்னிடம் உங்கள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றில் விளக்கு நாலு நாள் எரிந்தது என்று இருக்கிறது. இன்னொன்றில் அது கார் வெளிச்சம் என்று இருக்கிறது. இரண்டும் உங்கள் கையெழுத்து.

உங்கள் மேல் வழக்குப் போட மாட்டேன். எந்தச் சட்டத்தில் போடுவது? பனியில் நடந்தது குற்றமா, குப்பை போட்டது குற்றமா? என் சிநேகிதி ஒருத்தி ஜனவரி ஏழாம் தேதி அந்த வழியாகப் போனவள், உன் அப்பா வீட்டில்தான் இருக்கிறார், கார் நிற்கிறது, வாசல்வரை காலடித் தடம் இருக்கிறது என்று எனக்கு எழுதியிருந்தாள். நானும் அவர் வீட்டில்தான் இருக்கிறார், வேண்டுமென்றே பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரருக்கும் சந்தேகம் வரவில்லை. பனி அள்ளியிருக்கிறதா என்று பார்த்துப் போகும் நகராட்சிக்காரருக்கும் வரவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது உண்மை மட்டும்தான். அந்த நாலு நாளில் நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் எழுதுங்கள். என் அப்பா அங்கே தனியாக இருந்த நேரத்தை நான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

விபேக்கே ரோஸன்லுண்ட்


லெர்க்கவை 11
20 மார்ச் 1986

விபேக்கே,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பிரேபனிடம் காட்டவில்லை. இதை எழுதுவதும் அவருக்குத் தெரியாது.

கதவுக் கண்ணாடியை உடைத்த அன்று சாயங்காலமே எல்லோரும் பிரேபன் வீட்டில் கூடினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "அந்த வெளிச்சத்தப் பத்தி போலீஸ்ல சொல்லணும்" என்றேன். பிரேபன் எழுந்து கதவைச் சாத்தினார். "எந்த வெளிச்சம்? நீங்க ஒருத்திதான் பாத்தீங்களா? நானும் பாத்தேன். இவ பாத்தா. நம்ம பக்கம் நாலு வீட்லயும் பாத்திருக்காங்க. சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தப் பொண்ணுக்குத்தான் வேதனை" என்றார். அவர் மனைவி அழுதுகொண்டே எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். தூக்கத்தில் போன மாதிரி என்று சொல்லலாம் என்று அங்கேதான் முடிவானது.

நீ எல்லாம் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்றரைக்கு முதல் தடவை எரிந்தது. கிறிஸ்துமஸ் காலத்தின் கடைசி மெழுகுவர்த்தியை நான் ஜன்னலில் ஏற்றிக்கொண்டிருந்தேன், அதனால் நேரம் தெரியும். ஐந்தாறு தடவை எரிந்து அணைந்தது. திங்கட்கிழமை அதைவிட அதிகம். எதிரே நின்று நான் அதற்குக் கை அசைத்தேன், விபேக்கே. வேடிக்கைக்கு. எவால்ட், உங்க விளக்கு உங்களை மாதிரியே பிடிவாதம் என்று சொல்லிக் கை அசைத்தேன். உடனே மூன்று தடவை வேகமாக எரிந்தது. சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை புதுப்பனி விழுந்திருந்தது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். இதைத்தான் எழுத முடியாமல் நாலு காகிதத்தைக் கிழித்தேன். வாசற்படியில் நின்றபோது உள்ளே சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம். மரத்தில் கரண்டியால் தட்டுவதுபோல, ரொம்ப மெதுவாக. நின்று கேட்டேன். சூடேற்றும் குழாயில் தண்ணீர் உறைந்து தட்டுகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைத்தால் சௌகரியம் என்று நினைத்தேனா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே பெட்டி வைப்பதற்கு முன் தபால் போட்டுக்கொண்டிருந்த திறப்பு கதவில் இன்னும் இருக்கிறது. குனிந்து அதைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். கையை நீட்டினேன், அப்புறம் மடக்கிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவள் என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தெருவைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆனாலும் குனியவில்லை.

பிறகு அழகாகத் திரும்பி நடந்தேன், தடம் தெளிவாக விழ வேண்டுமென்று அழுத்தி அழுத்தி வைத்து. என் காலடிச் சத்தம் உள்ளே கேட்டிருக்கும். கிட்டே வந்ததும் கேட்டிருக்கும், தள்ளிப் போனதும் கேட்டிருக்கும்.

புதன்கிழமை விளக்கு இரண்டு தடவைதான் எரிந்தது. கடைசித் தடவை அணையவே இல்லை. வியாழன் காலை வெளிச்சத்தோடு வெளிச்சமாக மங்கித் தெரிந்தது. சாயங்காலம் பார்த்தபோது இல்லை. நான் குப்பை போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருக்கிறேன். தெருவில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். உன்னிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வீட்டை விற்றுவிடு. பிரேபனுக்குத் தெரிந்த இளம் தம்பதி கேட்கிறார்கள், குழந்தை பிறக்கப் போகிறதாம். அங்கே வேறு விளக்கு, வேறு திரை, வேறு மனுஷ முகம் வந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. வேறெங்கும் போக இடமில்லை.

உன்னை மூன்று வயதில் தூக்கி வைத்திருந்தவள் கேட்கிறேன். உன்னால் முடிந்தால் என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டால் முடியாது என்றாவது ஒரு வார்த்தை எழுது.

யூட்டே


காகொர்டாக்
3 ஏப்ரல் 1986

திருமதி தோர்ஸேகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஈஸ்டருக்கு முதல் நாள் வந்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. எழுதியிருக்கவே வேண்டாம் என்றும் தோன்றியது. இப்போது நாலு நாளும் எனக்குத் தெரியும், மணிக்கணக்கில் தெரியும். வார்டில் யாராவது கட்டிலைத் தட்டினால் பாதி வேலையில் ஓடுகிறேன்.

நான் உங்களிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அப்பாவின் மேலங்கியின் உள்பையில், வாயை ஒட்டித் தபால்தலை வைத்து என் முகவரி எழுதிய உறை ஒன்று இருந்தது. விமான நிலையத்தில் போடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார். போலீசார் அதை அப்படியே என்னிடம் தந்தார்கள். அங்கே பிரிக்கவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த அன்றுதான் பிரித்தேன்.

மூன்று பக்கம். அம்மாவைப் பற்றி இரண்டரைப் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு மணி நேரமும் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வா. ஈஸ்டருக்கு மட்டும் இல்லை. அந்தக் குளிரில் இருந்தது போதும், இங்கேயே வந்து இரு. மேல்மாடி முழுக்க உனக்கு. நான் செத்தாலும் வீட்டை விற்காதே, அம்மா வைத்த ஆப்பிள் மரம் இருக்கிறது."

இங்கே ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆர்ஹூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருக்கிறது. மே பதினான்காம் தேதி கப்பலில் வருகிறேன். அப்பாவின் வீட்டில், பதினான்காம் எண்ணில் குடியிருக்கப் போகிறேன், என் காலம் முடியும்வரை அங்கேதான். அந்தத் தம்பதிக்கு வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள்.

மன்னிப்புக்கு ஒரு வார்த்தையில் பதில் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இப்போது அந்த வார்த்தையும் இல்லை, மற்ற வார்த்தையும் இல்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு தேடிப் பார்க்கிறேன். எத்தனை வருஷமாகும் என்று தெரியாது. தினமும் காலையில் நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள், நானும் உங்களைப் பார்ப்பேன். நான் வருவதற்குள் திரையை எடுத்துவிடுங்கள்.

பிரேபன் தன் காரை எடுத்துக்கொள்ளட்டும். தபாலைப் பெட்டியிலேயே விடுங்கள், நிரம்பி வழியட்டும். புல் முளைத்தால் வெட்ட வேண்டாம். நான் வந்து கதவைத் திறக்கும்வரை அது யாரும் இல்லாத வீடாகவே தெரியட்டும்.

விபேக்கே ரோஸன்லுண்ட்